பயேசா: ஆலிவ் தோப்புகளுக்கு நடுவே உள்ள ஒரு பழைய ஊருக்கு முதன்முறை போகிறவர்களுக்கு

ஸ்பெயினின் தெற்கே, ஆந்தலூசியாவின் ஹயேன் மாகாணத்தில், குவாதல்கிவிர் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி ஒரு மேட்டின்மேல் பயேசா என்ற சிற்றூர் இருக்கிறது. ஏறத்தாழ 16,000 பேர் வாழும் இந்த ஊரையும், 9 கிலோமீட்டர் தொலைவில் உள்ள உபேதா நகரையும் அவற்றின் மறுமலர்ச்சிக் காலக் கட்டடங்களுக்காக 2003ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. கிரனாதா நகரிலிருந்து காலையில் வந்து, கதீட்ரலைப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பிவிடும் பயணிகளே இங்கு அதிகம். அப்படி வருகிறவர்களுக்குக் கிடைப்பது ஊரின் கல் முகம் மட்டுமே. பயேசா இன்றும் ஒரு வேளாண்மை ஊர். அதன் பிழைப்பு நான்கு திசையிலும் அடிவானம் வரை பரவியுள்ள ஆலிவ் மரங்களில் இருக்கிறது. ஆகவே முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதன்மையான ஆலோசனை இதுதான்: குறைந்தது இரண்டு இரவுகள் தங்குங்கள், அவற்றில் ஒரு பகலையாவது தோப்புக்கும் எண்ணெய் ஆலைக்கும் ஒதுக்குங்கள், ஊர் எந்த நேரத்தில் எழுந்து எந்த நேரத்தில் கதவை மூடுகிறதோ அதற்கேற்ப உங்கள் நாளையும் அமைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதத்தில் போவது

முதலில் முடிவு செய்ய வேண்டியது மாதத்தைத்தான், ஏனெனில் மற்ற ஏற்பாடுகள் அனைத்தும் அதைப் பொறுத்தே அமையும். கட்டடங்களை நிதானமாக நடந்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஏப்ரல் மாதமும் அக்டோபர் மாதமும் ஏற்றவை. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பகல் வெப்பம் 40 பாகை (டிகிரி) செல்சியஸைத் தொடக்கூடும். அப்போது நண்பகல் முதல் மாலை வரை தெருவில் ஆள் நடமாட்டமே இராது. மே மாதத்தின் வானிலை இனிமையானதுதான், ஆனால் ஆலிவ் மரங்கள் பூப்பது மே மாதத்திலும் ஜூன் தொடக்கத்திலும் என்பதை மறந்துவிடக் கூடாது. இம்மாகாணத்தில் ஆறு கோடிக்கும் மேற்பட்ட ஆலிவ் மரங்கள் உள்ளன. அவை அனைத்தும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் மகரந்தத்தைக் காற்றில் விடும்போது, உள்ளூர்க்காரர்களிலேயே பலர் தும்மலோடும் மூச்சிரைப்போடும் மருந்துக் கடைக்கு நடக்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த வாரங்களைத் தவிர்ப்பதே நல்லது.

ஊரின் உண்மையான வாழ்க்கையைக் காண விரும்புகிறவர்களுக்கு நவம்பர் முதல் ஜனவரி வரையிலான அறுவடைக் காலத்தைப் பரிந்துரைக்கிறேன். காலை நேரங்களில் பள்ளத்தாக்கு முழுவதும் மூடுபனி நிறைந்திருக்கும், வெப்பநிலை சில நாள்களில் பூஜ்யத்துக்கு அருகே இறங்கும். ஆகவே கனமான மேலாடையும் சேற்றில் நடக்கத்தக்க காலணியும் கட்டாயம் தேவை. மழை பெய்தால் அறுவடை நின்றுவிடும் என்பதால், அதைப் பார்ப்பதற்கென்று ஒரே ஒரு நாளை மட்டும் நம்பிப் போகாமல் இரண்டு மூன்று நாள்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்திலும் ஆகஸ்ட் நடுவில் நடக்கும் ஊர்த் திருவிழாவிலும் அறைகள் விரைவில் நிரம்பிவிடும்; அமைதியை நாடுகிறவர்களுக்கு அவை உகந்த நாள்களல்ல.

விசாவும் வழியும்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா பெற வேண்டும். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள்கள் என்றாலும், கோடைக்கு முந்தைய மாதங்களில் நேர்காணல் நேரம் கிடைப்பதே கடினமாகிவிடும் என்பதால் இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுவது பாதுகாப்பானது. பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ அளவுக்கு இருக்க வேண்டும்.

தலைநகர் மத்ரித்திலிருந்து ரயிலில் வருகிறவர்கள் ஒரு விஷயத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். லினாரெஸ்-பயேசா என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. பெயரைப் பார்த்து அது ஊருக்குள் இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். அந்நிலையம் பயேசாவிலிருந்து வெகு தூரம் தள்ளி, லினாரெஸ் நகரின் எல்லைக்குள் இருக்கிறது. அங்கிருந்து பயேசாவுக்கு வரும் பேருந்துகள் குறைவு. வார இறுதியில் அவை இன்னும் குறைந்துவிடும். ரயில் நேரத்தையும் பேருந்து நேரத்தையும் பொருத்திப் பார்த்த பிறகே பயணச்சீட்டு வாங்குங்கள், இல்லையெனில் விடுதியாரிடம் சொல்லி ஒரு டாக்சியை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கிரனாதா, ஹயேன், உபேதா ஆகிய மூன்று ஊர்களிலிருந்தும் நேரடிப் பேருந்துகள் உண்டு; கிரனாதாவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகலாம், உபேதாவிலிருந்து கால் மணி நேரமே. புதியவர்களுக்குப் பேருந்தே எளிய வழி என்பது என் கருத்து. கார் ஓட்டி வருகிறவர்கள் மத்ரித்திலிருந்து ஏ-4 நெடுஞ்சாலையில் பைலேன் வரை வந்து ஏ-32 சாலையில் திரும்ப வேண்டும். இந்திய உரிமத்தோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கட்டும். அறுவடைக் காலத்தில் சிறு சாலைகளில் காய் ஏற்றிய டிராக்டர்கள் மெதுவாகப் போகும். அவற்றை முந்துவதற்கு அவசரப்பட வேண்டாம்.

ஊரின் நேரம்

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ போகிறவர்கள் முதல் நாளில் திணறுவது இங்கேதான். கடைகள் காலை 10 மணியளவில் திறந்து 2 மணிக்கு மூடப்படும். மீண்டும் திறப்பது மாலை 5 அல்லது 5.30 மணிக்கு. மதிய உணவு 2 மணி முதல் 4 மணி வரை. இரவு உணவு 9 மணிக்கு முன்பு பெரும்பாலான இடங்களில் கிடைக்காது. நண்பகல் 12 மணிக்கே பசிக்கும் குழந்தைகளோடும் முதியவர்களோடும் போகிறவர்கள், காலையிலேயே ரொட்டியும் பழமும் வாங்கி அறையில் வைத்துக்கொள்வது நல்லது. ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். அருங்காட்சியகங்கள் பல திங்கட்கிழமை திறப்பதில்லை. ஆகவே செவ்வாய் முதல் வெள்ளி வரையிலான நாள்களில் தங்குவது எல்லா வகையிலும் வசதியானது.

பிற்பகலில் தெருக்கள் வெறிச்சோடியிருப்பதைக் கண்டு ஊரே காலியாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். மாலை 7 மணிக்குப் பிறகு, அரசியலமைப்புச் சாலை எனப் பொருள்படும் பசேயோ தே லா கோன்ஸ்தித்துசியோன் என்ற நீண்ட சதுக்கத்தில் பாட்டிகளும் பேரக்குழந்தைகளும் இளைஞர்களுமாக ஊரே திரண்டு நடக்கும். அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பதும் பயணத்தின் ஒரு பகுதியே.

கடைக்குள் நுழையும்போது பொதுவாக எல்லோரையும் நோக்கி "புவேனோஸ் தியாஸ்" என்று வணக்கம் சொல்வதும், பிற்பகலில் "புவேனாஸ் தார்தேஸ்" என்பதும் இங்கே அடிப்படை மரியாதை; சொல்லாமல் நேராகப் பொருளைக் கேட்டால் முரட்டுத்தனமாகவே தோன்றும். ரொட்டிக் கடையிலும் மருந்துக் கடையிலும் கண்ணுக்குத் தெரியும் வரிசை இருக்காது. உள்ளே வருகிறவர் "கியேன் எஸ் எல் உல்திமோ?", அதாவது கடைசி ஆள் யார் என்று கேட்பார், கை உயர்த்துகிறவருக்குப் பின்னால் அவருடைய முறை. இந்த ஒரு கேள்வியை மனப்பாடம் செய்துகொண்டு போனால், ஊர்க்காரர்கள் உங்களை நடத்தும் விதமே மாறிவிடும். ஆங்கிலம் பேசுகிறவர்கள் குறைவு என்பதால் கைப்பேசியில் ஸ்பானிய மொழியை இணையமின்றியே மொழிபெயர்க்கும் வசதியைப் பதிவிறக்கி வையுங்கள்.

ஊருக்குள் நடக்கும் முறை

பழைய ஊர் சிறியது. எல்லாவற்றையும் நடந்தே பார்த்துவிடலாம், ஆனால் தெருக்கள் கற்கள் பதித்தவை, சில இடங்களில் ஏற்றமானவை. பிளாசா தெல் பொப்புலோ என்ற சிறு சதுக்கத்தில் தொடங்குங்கள். அங்கே முன்பு பத்திர எழுத்தர்களின் அலுவலகமாகவும் நீதிமன்றமாகவும் இருந்த 16ஆம் நூற்றாண்டு மாளிகையில் சுற்றுலா அலுவலகம் இருக்கிறது. வரைபடமும் அன்றைய திறப்பு நேரங்களும் அங்கே கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். எதிரே உள்ள சிங்க நீரூற்றின் சிலைகள் காஸ்துலோ என்ற பண்டைய நகரின் இடிபாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்பார்கள். நடுவில் நிற்கும் பெண் உருவம் கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலின் மனைவி இமில்சே என்பது ஊரின் வழிவழி நம்பிக்கை. அதே சதுக்கத்தில் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் பெரிய அரசச் சின்னத்தைத் தாங்கி நிற்கும் அழகிய கட்டடம் ஊரின் பழைய இறைச்சிக் கூடம். இறைச்சி விற்கும் இடத்துக்கே இவ்வளவு சிற்பவேலை செய்யும் அளவுக்கு 16ஆம் நூற்றாண்டில் இவ்வூரில் பணம் புழங்கியது.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டு நடந்தால் கற்கள் பேசத் தொடங்கும். 1227இல் மூன்றாம் ஃபெர்னாந்தோ மன்னர் இவ்வூரை முஸ்லிம் ஆட்சியிடமிருந்து கைப்பற்றிய பிறகு, நிலம் பிரபுக் குடும்பங்களின் கைக்குப் போனது. அவர்களுள் பெனாவிதேஸ், கார்வஹால் ஆகிய இரு குடும்பங்களுக்கு இடையிலான பகை முற்றியதால், இசபெல் அரசி 1476இல் ஊரின் கோட்டையையே இடிக்க உத்தரவிட்டார். சண்டை ஓய்ந்ததும் தானியமும் ஆட்டுக் கம்பளியும் கொடுத்த வருமானம் மாளிகைகளாகவும் கோயில்களாகவும் மாறியது. சதுக்கத்திலிருந்து மேலே ஏறினால் வரும் ஹபல்கிந்தோ மாளிகையின் முகப்பு, வைர முனைகளைப் போல் செதுக்கிய கற்களால் நிறைந்தது. காலை வெயில் அல்ல, மாலைச் சாய்வொளியில் பாருங்கள். அதற்கு எதிரே உள்ள சாந்தா குரூஸ் என்ற சிறிய தேவாலயம் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆந்தலூசியாவில் தடித்த சுவர்களும் அரைவட்ட வளைவுகளும் கொண்ட ரோமனெஸ்க் என்ற இடைக்காலப் பாணிக் கோயில்கள் மிக அரிது என்பதால் அதைக் கடந்து போய்விடாதீர்கள்.

அருகிலேயே 1538இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் பல்கலைக்கழகம் மூடப்பட்டு அது உயர்நிலைப் பள்ளியானது. இன்றும் அங்கே பிள்ளைகள் படிக்கிறார்கள். கவிஞர் அந்தோனியோ மச்சாதோ, இளம் மனைவி லெயோனோர் சோரியா நகரில் இறந்துபோன துயரத்தோடு 1912இல் இங்கு வந்து, 1919 வரை பிரெஞ்சு மொழி கற்பித்தார். அவருடைய வகுப்பறை அப்படியே பேணப்பட்டிருக்கிறது. 1916இல் கிரனாதாவிலிருந்து கல்விச் சுற்றுலா வந்த மாணவர்களில் ஒருவராக, பின்னாளில் புகழ்பெற்ற கவிஞரான ஃபெதெரிகோ கார்சியா லோர்கா அவரைச் சந்தித்ததும் இவ்வூரில்தான். பள்ளி நடக்கும் நேரத்தில் முற்றத்தில் குரலைத் தாழ்த்திப் பேசுங்கள்.

மேலே சாந்தா மரியா சதுக்கத்தில் 1564ஆம் ஆண்டு நீரூற்றும் கதீட்ரலும் இருக்கின்றன. மசூதி இருந்த இடத்தில் எழுந்த இக்கோயிலின் பெரும்பகுதி 1567இல் இடிந்து விழ, கட்டடக் கலைஞர் அந்த்ரேஸ் தே வாந்தெல்விரா அதைப் புதிதாக வடிவமைத்தார். கோபுரத்தில் ஏற முடிகிறவர்கள் ஏறிவிடுங்கள். ஊர் எப்படித் தோப்புகளுக்குள் ஒரு தீவாக நிற்கிறது என்பது அங்கிருந்தே புரியும். எதிரில் உள்ள பழைய குருமடத்தின் சுவரில் செந்நிறத்தில் காணப்படும் எழுத்துகள், பட்டம் பெற்ற மாணவர்கள் காளையின் இரத்தத்தால் எழுதிய தங்கள் பெயர்கள்.

இங்கிருந்து சில நிமிடத்தில் ஊரின் விளிம்பில் உள்ள மதில் சாலைக்கு வந்துவிடலாம். மச்சாதோ நாள்தோறும் நடந்த பாதை இது. கீழே குவாதல்கிவிர் பள்ளத்தாக்கு, எதிரே மாஹினா மலைத்தொடர், இடையில் ஆலிவ். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் குடியரசின் பக்கம் நின்ற அந்தக் கவிஞருக்கு 1966இல் இங்கே மரியாதை செய்ய வந்தவர்களை சர்வாதிகாரி பிராங்கோவின் காவல்துறை தடுத்துக் கலைத்தது. அப்போது நிறுவப்படவிருந்த, பாப்லோ செர்ரானோ வடித்த வெண்கலத் தலைச் சிலை 1983இல்தான் தன் இடத்துக்கு வந்தது. திரும்பும் வழியில் பசேயோ என்ற அந்த நீண்ட சதுக்கத்தின் ஓரத்தில் உள்ள பழைய தானியச் சந்தையையும் தானியக் களஞ்சியத்தையும் பாருங்கள். இன்று கண்ணுக்கெட்டிய தூரம் ஆலிவ் மட்டுமே நின்றாலும், அந்த ஒற்றைப் பயிர் முறை பெரும்பாலும் கடந்த இரு நூற்றாண்டுகளில் வந்தது. அதற்கு முன் இவ்வூர் கோதுமையை நம்பி வாழ்ந்ததற்கு இந்த இரு கட்டடங்களே சாட்சி.

தோப்பும் ஆலையும்

இரண்டாம் நாளை இதற்கு வையுங்கள். பயேசாவைச் சுற்றியுள்ள எண்ணெய் ஆலைகள் சில, முன்பதிவு செய்து வருகிறவர்களுக்குத் தோப்பையும் ஆலையையும் சுற்றிக் காட்டி எண்ணெயைச் சுவைக்கவும் தருகின்றன. ஆலையை இங்கே அல்மசாரா என்பார்கள். சுற்றுலா அலுவலகத்தில் கேட்டால் அந்த வாரத்தில் எது இயங்குகிறது என்று சொல்வார்கள். ஆங்கிலத்தில் விளக்கம் வேண்டுமென்றால் முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அறுவடைக் காலத்தில் போனால் இயந்திரங்கள் ஓடுவதையே பார்க்கலாம். மற்ற மாதங்களில் வெறும் எந்திரங்களையும் விளக்கப் படங்களையும்தான் காண முடியும்.

இங்கே ஆட்சி செய்வது பிகுவால் என்ற ஆலிவ் வகை. மரபான தோப்பில் ஒரே இடத்திலிருந்து இரண்டு மூன்று அடிமரங்கள் கிளம்பி நிற்பதைக் காணலாம். ஹயேன் மாகாணத்தின் அடையாளமே அதுதான். மரத்தடியில் வலை விரித்து, அதிர்வு இயந்திரத்தாலும் நீண்ட கழிகளாலும் காய்களை உதிர்க்கிறார்கள். பறித்த காய் குவிந்து கிடந்தால் நொதித்து எண்ணெயின் தரம் கெடும் என்பதால் அன்றன்றே ஆலைக்குப் போய்விடும். அங்கே கழுவி, கொட்டையோடு சேர்த்து அரைத்து, அந்தக் கூழை மெதுவாகக் கிளறி, பிறகு வேகமாகச் சுழலும் உருளையில் இட்டு எண்ணெயைப் பிரிக்கிறார்கள். இவை அனைத்தும் 27 பாகைக்கு மேல் சூடேறாமல் நடந்தால்தான் குளிர்முறையில் எடுத்தது என்று புட்டியில் எழுத முடியும். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறத்தாழ 5 கிலோ காய் தேவைப்படும்; பருவத்தின் தொடக்கத்தில் பச்சையாகப் பறித்தால் அதைவிட அதிகம் வேண்டும். சீக்கிரம் பறித்த எண்ணெயின் விலை உயர்ந்திருப்பதற்குக் காரணம் இதுவே.

சுவைக்கும்போது நீல நிறக் கண்ணாடிக் கிண்ணம் தருவார்கள். எண்ணெயின் நிறத்தைப் பார்த்து முன்முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்த நிறம். கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி, முகர்ந்து, சிறிதளவு வாயில் வைத்து மெல்ல விழுங்குங்கள். நாக்கில் கசப்பும் தொண்டையில் மிளகு போன்ற காரமும் தோன்றினால் முகம் சுளிக்க வேண்டாம். புதிய, நல்ல எண்ணெயின் அடையாளங்கள் அவை.

தோப்புகளில் தனியாக நடக்க விரும்பினால் மண் பாதையை விட்டு விலகாதீர்கள். விரித்த வலைகளின்மேல் ஒருபோதும் கால் வைக்கக் கூடாது. வேலை செய்கிறவர்களைப் படம் எடுக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர்களில் பலர் பருவத்துக்கு மட்டும் வரும் கூலித் தொழிலாளர்கள். அவர்களுடைய கூலி நாள் கணக்கில் போகிறது என்பதால் வேலை நேரத்தில் பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைப்பதும் சரியல்ல. மரத்திலிருந்து காய் பறிக்கவே கூடாது. மரத்திலிருந்து பறித்த ஆலிவ் கடுங்கசப்பு, ஊறவைத்துப் பதப்படுத்தாமல் உண்ணவே முடியாது. அதோடு, அறுவடைக் காலத்தில் ஆலிவ் திருட்டைத் தடுக்க சிவில் காவல்படை சாலைகளில் சோதனை செய்கிறது. பையில் காய்களோடு நின்றால் விளக்கம் சொல்ல நேரிடும்.

சாப்பாடு

காலையில் நெருப்பில் வாட்டிய ரொட்டியின்மேல் அரைத்த தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றித் தரும் தோஸ்தாதா எல்லோருக்கும் ஏற்றது. மிளகாய்ப் பொடியும் உப்பும் தூவிய ஒச்சியோ என்ற சிறு ரொட்டியை ரொட்டிக் கடைகளில் கேட்டு வாங்குங்கள். ஹயேன் மாகாணத்தில் பானம் ஒன்று வாங்கினால் சிறு தட்டில் ஒரு பண்டம் விலையின்றி வருவது வழக்கம், குளிர்பானத்துக்கும் வரும். சைவ உணவுக்காரர்கள் இதில் விழிப்போடு இருக்க வேண்டும், ஏனெனில் அந்தத் தட்டில் பெரும்பாலும் பன்றி இறைச்சி இருக்கும். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் பன்றித்தொடை உப்புக்கறியையும் சூரை மீனையும் இறைச்சிக் கணக்கில் சேர்க்காமல் கொண்டுவந்துவிடுவார்கள். "சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ" என்று மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். முட்டையும் ஆகாது என்றால் "சின் உவேவோ" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கலவை சாலட்டில் சூரை மீனும், சல்மொரேஹோ என்ற குளிர்ந்த தக்காளிக் கூழில் முட்டையும் உப்புக்கறியும் மேலே தூவப்படும். பாதாமும் பூண்டும் அரைத்துச் செய்யும் அஹோபிளாங்கோ, கத்தரிக்காய் வறுவல், கொண்டைக்கடலை போட்ட கீரை ஆகியவை பெரும்பாலும் சைவம். கேட்டு உறுதிசெய்துகொண்டு உண்ணலாம். வேலை நாள்களின் மதியத்தில் கிடைக்கும் மெனு தெல் தியா என்ற நிலையான விலைச் சாப்பாடு, பணத்தை எண்ணிச் செலவழிக்கிறவர்களுக்கு மிகச் சிறந்தது. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம்.

அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் 112. பச்சைச் சிலுவை எரியும் கடை மருந்துக் கடை. இரவில் எது திறந்திருக்கும் என்ற அறிவிப்பு மூடிய கடைகளின் கதவில் ஒட்டப்பட்டிருக்கும். பெரிய மருத்துவமனை உபேதாவில் இருக்கிறது.

எண்ணெய் வாங்கித் திரும்புவது

கடையில் வாங்குவதைவிட ஆலையிலோ கூட்டுறவுச் சங்கக் கடையிலோ வாங்குவது நல்லது. எக்ஸ்ட்ரா விர்ஜின் என்ற உயர்ந்த தரத்துக்கு அமிலத்தன்மை 0.8 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஆனால் அந்த எண்ணைவிட அறுவடைப் பருவம் எது என்பதைப் பாருங்கள், ஏனெனில் ஆலிவ் எண்ணெய் பழுத்து மெருகேறும் பொருளல்ல, ஒரு வருடத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டிய பொருள். வெளிச்சம் அதன் எதிரி என்பதால் தகரக் குப்பியோ கருநிறப் புட்டியோ எடுத்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கும் தகரமே உடையாமல் வரும். 2022-23 பருவத்தில் வறட்சியால் ஸ்பெயினின் உற்பத்தி முந்தைய பருவத்தில் பாதிக்கும் கீழே இறங்கி விலை வெகுவாக ஏறியதை ஆலைக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. விலையைப் பேரம் பேசும் வழக்கமும் இங்கில்லை. பெரும்பாலான விமான நிலையங்களில் கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட திரவப் புட்டி செல்லாது என்பதால் எண்ணெயைப் பதிவுப் பெட்டியில், பிளாஸ்டிக் உறையில் இரட்டையாகச் சுற்றித் துணிகளுக்கு நடுவே வையுங்கள்.

மூன்றாவது நாள் கையில் இருந்தால் பேருந்தில் உபேதாவுக்குப் போய், வாந்தெல்விரா கட்டிமுடித்த எல் சல்வதோர் தேவாலயத்தையும், பச்சை மெருகுப் பாண்டங்கள் செய்யும் குயவர்கள் வாழும் வலென்சியா தெருவையும் பார்த்துவிட்டு மாலையில் திரும்பலாம். ஞாயிறு அன்றும் பொது விடுமுறை நாளிலும் பேருந்துகள் பாதியாகக் குறையும். ஊரை விட்டுக் கிளம்பும் நாள் அவற்றில் ஒன்றாக இருந்தால், முந்தைய நாளே பேருந்து நிலையத்துக்குப் போய்ச் சுவரில் ஒட்டியுள்ள கால அட்டவணையைப் பார்த்து, முடிந்தால் சீட்டையும் அப்போதே வாங்கிவிடுங்கள்.